நாயோடும் குழந்தைகளோடும் ஓர் இலையுதிர்கால மலைநடை: முதல்முறை செல்வோருக்கான வழிகாட்டி

குடும்பத்தோடு ஒரு பகல் முழுவதும் மலையில் நடப்பதற்கு இலையுதிர்காலத்தைவிடப் பொருத்தமான பருவம் இல்லை என்றே நான் கருதுகிறேன். கோடை வெயில் தணிந்திருக்கும், பாதைகளில் கூட்டம் குறைந்திருக்கும், காடு நிறம் மாறியிருக்கும். உடல் முழுவதும் ரோமம் போர்த்திய நாய்க்கு அந்தக் குளிர்ச்சி நம்மைவிடப் பல மடங்கு ஆறுதல் தரும். ஆனால் இதே பருவத்தில்தான் பகல் பொழுது விரைந்து குறுகுகிறது, வானிலை ஒரே நாளில் இரண்டு மூன்று முறை மாறுகிறது, உதிர்ந்த இலைகள் பாதையின் மேடுபள்ளத்தை மறைத்துவிடுகின்றன.

ஆகவே திட்டமிடத் தொடங்கும் முன்பே ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். அன்றைய நடையின் தூரத்தையும் வேகத்தையும் குழுவில் உள்ள மிகச் சிறிய குழந்தையையும் நாயையும் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். குழந்தை கால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடும், அழுதும் காட்டிவிடும். நாயோ தன் ஆட்களை விட்டுப் பின்தங்க மனமில்லாமல், வலியையும் களைப்பையும் மறைத்துக்கொண்டு, விழும் நிலை வரும் வரை உடன் நடந்துகொண்டே இருக்கும். இந்த வழிகாட்டியில் நான் சொல்பவற்றுள் பெரும்பகுதி இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கிறது.

முதலில் நாயின் தகுதியைப் பாருங்கள்

வளரும் நாய்க்குட்டிகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் என்னும் மென்மையான குருத்தெலும்புப் பகுதிகள் சிறிய இனங்களில் ஓராண்டுக்குள்ளும், பெரிய இனங்களில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டிலும்தான் முழுமையாக மூடுகின்றன. அதற்கு முன் நீண்ட ஏற்ற இறக்கங்களில் நடக்க வைத்தால் மூட்டுகள் பாதிக்கப்படக்கூடும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகலாக இருப்பதால், குளிர்ந்த நாளிலும் செங்குத்தான ஏற்றம் அவற்றுக்கு ஆபத்தானது. வயதான நாய்களையும், மூட்டு வலியோ இதயக் கோளாறோ உள்ள நாய்களையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்த பிறகே அழைத்துச் செல்ல வேண்டும்.

உடல்நலமுள்ள நாய்க்கும் பழக்கம் வேண்டும். தினமும் அரை மணி நேரம் மட்டும் சமதளத்தில் நடந்து பழகிய நாயைத் திடீரென ஐந்து மணி நேரம் மலையில் நடக்க வைப்பது முறையன்று. சில வாரங்களுக்கு முன்பிருந்தே நடையின் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மண்ணும் கல்லும் கலந்த பாதையில் நடக்க வைத்தால், தசைகள் வலுப்பெறுவதோடு பாதத்தின் அடிப்பகுதித் தோலும் தடித்துப் பழகும். கூப்பிட்டவுடன் திரும்பி வருவதும், “விடு” என்றால் வாயில் கவ்வியதைக் கீழே போடுவதும் மலைக்குப் போகும் முன் நாய்க்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு பாடங்கள் ஆகும்.

பாதையைத் தேர்ந்தெடுத்தல்

பாதையின் அழகைப் பார்ப்பதற்கு முன் அங்கே நாய்க்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். இந்த விதி இடத்துக்கு இடம் வெகுவாக மாறுபடும். சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்காவுக்குள் கயிற்றில் பிடித்திருந்தாலும் நாயை அழைத்துச் செல்ல முடியாது. அமெரிக்காவின் பல தேசியப் பூங்காக்களில் சாலையோரங்களுக்கும் முகாம் பகுதிகளுக்கும் அனுமதி உண்டு என்றாலும், பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு இடமில்லை. வேறு பல இடங்களில் கயிறு கட்டாயம். பூங்கா நிர்வாகத்தின் அறிவிப்பை நேரடியாகப் படித்துவிட்டுப் புறப்படுவதே சரியான வழி.

வரைபடத்தில் எளிதாகத் தெரியும் பாதையும் நாய்க்கு முடியாததாக இருக்கலாம். பாறையில் பொருத்திய இரும்பு ஏணி, கம்பி பிடித்து ஏற வேண்டிய பகுதி, கீழே பள்ளம் தெரியும்படி இரும்புக் கம்பி வலையால் தளம் அமைத்த பாலம் ஆகியவை இருக்கின்றனவா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அத்தகைய பாலத்தின் முன் பல நாய்கள் கால்களை ஊன்றி நின்றுவிடும், அதன் மேல் நடந்தால் நகங்களும் இடையில் சிக்கும். இருபது, முப்பது கிலோ எடையுள்ள நாயைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்குவது இயலாத செயல். முதல்முறை செல்வோருக்கு மொத்தம் 6 முதல் 8 கிலோமீட்டர் தூரமும், 300 முதல் 400 மீட்டர் ஏற்றமும், பாதிவழியில் திரும்பிவிடும் வசதியும் உள்ள பாதையே போதும். இவ்வகையில், போன வழியிலேயே திரும்பும் பாதைதான் வட்டப் பாதையைவிட நல்லது என்பது என் கருத்து. களைப்பு வந்த இடத்திலிருந்து தயங்காமல் திரும்பலாம், திரும்பும் வழியும் ஏற்கெனவே கண்ட வழியாக இருக்கும்.

இலையுதிர்காலத்தில் மலைக்குடில்கள் பலவும் பருவம் முடிந்து மூடப்பட்டிருக்கும், கேபிள் கார்களின் கடைசி இறக்கமும் முன்னதாகவே முடிந்துவிடும். வழியில் ஓடைத் தண்ணீர் கிடைக்கும் என்றும் நம்பியிருக்கக் கூடாது, ஏனெனில் கோடை முடிந்த கையோடு பல ஓடைகள் வற்றிக் கிடக்கும்.

நேரத்தைக் கணக்கிடுதல்

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892ஆம் ஆண்டு வகுத்த எளிய விதி இன்றும் பயன்படுகிறது. இன்றைய அளவுகளில் சொன்னால், 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இது நல்ல உடற்பயிற்சி உள்ள பெரியவர் இடைவிடாமல் நடந்தால் ஆகும் நேரம். 8 கிலோமீட்டர் தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதைக்கு இந்த விதிப்படி ஏறக்குறைய இரண்டே கால் மணி நேரம் வரும். சிறு குழந்தைகளும் நாயும் உடன் வரும்போது அதை இரண்டு மடங்காக்கி, உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் சேர்த்து, ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கதிரவன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். மறைவு மாலை 6 மணிக்கு என்றால், 4 மணிக்கு வண்டி நிறுத்திய இடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். காலை 9:30 மணிக்கு நடக்கத் தொடங்கினால் கையில் ஆறரை மணி நேரம் இருக்கும். அதில் சரிபாதியான 12:45 மணியைத் திரும்பும் நேரமாகக் குறித்துக்கொண்டு, உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். இறங்குவதற்குக் குறைந்த நேரமே போதும் என்ற கணிப்பு குழந்தைகள் விஷயத்தில் பொய்த்துவிடும், பிற்பகலில் அவர்களின் கால்கள் சோர்ந்து தடுமாறும். திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே எல்லோருக்கும் சொல்லி வைத்தால், மேலே போன பிறகு வாதத்துக்கு இடமிருக்காது.

அட்டவணையில் காணும் மறைவு நேரம் சமவெளிக்கு உரியது. பள்ளத்தாக்கில் மேற்குப் பக்க மலைமுகடு கதிரவனை அதற்கு வெகுநேரம் முன்பே மறைத்துவிடும், உடனே குளிரும் இறங்கிவிடும். 45 பாகை அட்சரேகையை ஒட்டிய பகுதிகளில் இப்பருவத்தின் தொடக்கத்தில் பகல் நாளொன்றுக்கு மூன்று நிமிடம் வீதம் குறைகிறது. வாரத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் என்பதால், சென்ற மாதம் நண்பர் ஒருவர் நிதானமாக நடந்து முடித்த அதே பாதை இந்த மாதம் உங்களை இருட்டில் நிறுத்திவிடக்கூடும். கோடைக்கால நேரத்தைப் பின்பற்றும் நாடுகளில் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் நாளிலிருந்து மறைவு ஒரு மணி நேரம் முன்னதாகிவிடுவதையும் மறக்கக் கூடாது.

வானிலை அறிக்கையை முந்தைய இரவிலும் அன்று காலையிலும் பாருங்கள். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறையும் என்பதால், அடிவாரத்தில் 12 பாகை இருந்தால் 800 மீட்டர் மேலே 7 பாகைதான் இருக்கும், காற்றும் வீசினால் உடல் அதைவிடக் குறைவாகவே உணரும். பள்ளத்தாக்கில் மூடுபனி படர்ந்திருக்கும் காலையில் மேலே தெளிந்த வெயில் அடிப்பதும் இப்பருவத்தில் உண்டு. ஆகவே பனியைக் கண்டவுடன் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. இடியும் பலத்த மழையும் முன்னறிவிக்கப்பட்டிருந்தால் வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை

உடை அடுக்கடுக்காக இருக்க வேண்டும்: உடலை ஒட்டிக் கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன் மேல் ஃபிளீஸ் என்னும் கதகதப்பான மென்துணிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத சட்டை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிர வைக்கும் என்பதால் தவிர்த்துவிடலாம். முதுகுச் சுமப்பானில் உட்கார்ந்து வரும் குழந்தைக்குத் தனிக் கவனம் தேவை. சுமப்பவருக்கு வியர்த்துக் கொட்டும் அதே வேளையில், அசையாமல் தொங்கும் குழந்தையின் கால்கள் சில்லிட்டுப் போயிருக்கும். அதன் பாதங்களையும் கைகளையும் அடிக்கடி தொட்டுப் பார்த்து, தேவையானால் இன்னொரு காலுறையை மாட்டிவிடுங்கள்.

ஆளுக்கொரு நெற்றி விளக்கு, காகித வரைபடம், அலைபேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம், மின்னேற்றி, முதலுதவிப் பெட்டி, உடல் வெப்பத்தைக் காக்கும் போர்வை, குழந்தைகள் கழுத்தில் ஒவ்வொரு விசில் ஆகியவை கட்டாயம். குளிரில் அலைபேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடுமாதலால் அதை உள்சட்டைப் பையில் உடலை ஒட்டி வைத்திருங்கள். வேட்டைப் பருவம் நடக்கும் பகுதியாக இருந்தால் பெரியவர்கள், குழந்தைகள், நாய் என அனைவருக்கும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலங்கி வேண்டும். மரங்களுக்கிடையே பழுப்பு நிற நாயைக் காட்டு விலங்கு என்று எண்ணிச் சுட்டுவிடும் ஆபத்து உண்மையானது.

நாய்க்குக் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் சிறந்தது. சறுக்கும் இடத்தில் நாயைப் பிடித்து நிறுத்தவும் தூக்கிவிடவும் அதன் முதுகுப் பிடி உதவும். கயிறு இரண்டு மீட்டர் அளவில், உறுதியானதாக, நீளம் மாறாததாக இருக்க வேண்டும். தானே சுருண்டுகொள்ளும் வகைக் கயிறு மலைக்கு ஆகாது, மரங்களில் சுற்றிக்கொள்ளும், விரலை அறுக்கும். ஓய்விலேயே நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் தேவை, நடக்கும்போது தேவை கூடும். எனவே 20 கிலோ எடையுள்ள நாய்க்குக் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீரைத் தனியாகச் சுமந்து செல்லுங்கள். மடிக்கும் கிண்ணம், காலில் காயம் பட்டால் அணிவிக்க ஒரு காலணி, ஒட்டாத கட்டுத்துணி, உண்ணி எடுக்கும் இடுக்கி, உடலைத் துடைக்க ஒரு துண்டு, கழிவுப் பைகள் ஆகியவற்றோடு, குட்டை ரோம நாயாக இருந்தால் ஒரு மேலாடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் நாயின் முதுகில் எந்தச் சுமையும் ஏற்ற வேண்டாம்.

மலைநடைக்கென்று நாம் எடுத்துச் செல்லும் தின்பண்டங்கள் பலவும் நாய்க்கு நஞ்சு என்பதைக் குழந்தைகளுக்கு அழுத்தமாகச் சொல்லுங்கள். உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும், சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் இதயத்தைத் தாக்கும், சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த சூயிங் கம் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் குறைக்கும், மக்கடேமியா கொட்டையும் ஆகாது. கொட்டைகளும் உலர்திராட்சையும் சாக்லேட் துண்டுகளும் கலந்த பொட்டலம் ஒன்றைக் குழந்தை தரையில் தவறவிட்டால், அதை நாய் முந்திக்கொள்ளும் முன் நாம் அள்ளிவிட வேண்டும்.

நடக்கும்போது

காலை உணவைப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நாய்க்குச் சிறிய அளவில் கொடுத்துவிடுங்கள். வயிறு நிறைய உண்டவுடன் ஓடவிட்டால், குறிப்பாக ஆழ்ந்த மார்புடைய பெரிய இனங்களில், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிராபத்தான நிலை ஏற்படக்கூடும். நடையைத் தொடங்கும் இடத்தில் நாயின் நான்கு பாதங்களையும் ஒருமுறை கையில் ஏந்திப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் பாதிவழியில் காணும் மாற்றத்தை அப்போதுதான் இனங்காண முடியும்.

முதல் அரை மணி நேரம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற அளவுக்கு மெதுவாக நடங்கள். பாதை தெரிந்த பெரியவர் ஒருவர் முன்னாலும் மற்றொருவர் கடைசியிலும் நடக்க, குழந்தைகள் நடுவில் வரட்டும். ஒவ்வொரு முக்கால் மணி நேரத்துக்கும் ஒருமுறை நின்று தண்ணீர் குடித்து ஏதாவது கொறிக்கச் செய்தால், பசி வந்த பின் எழும் அழுகையைத் தவிர்க்கலாம். வழி தவறிவிட்டால் அங்குமிங்கும் அலையாமல் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு அதே இடத்தில் நின்று விசில் ஊத வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே பழக்கி வையுங்கள்.

நாயைக் கவனிப்பது நாள் முழுவதும் ஒரே ஒருவரின் பொறுப்பாக இருக்கட்டும், எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். காலையில் முன்னால் இழுத்துக்கொண்டு ஓடிய நாய் உங்கள் குதிகாலை ஒட்டிப் பின்னால் வரத் தொடங்கினால் அது களைப்பின் முதல் அடையாளம். நிற்கும் இடமெல்லாம் உடனே படுத்துக்கொள்வது, வால் தாழ்வது, அடிக்கொருதரம் உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பது, ஒரு பாதத்தை மட்டும் நின்று நின்று நக்குவது ஆகியவை அடுத்த அடையாளங்கள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நின்று, பாதங்களை விரித்து விரல்களின் இடுக்குவரை தடவிப் பாருங்கள். கூரான புல் விதையோ சிறு கல்லோ அங்கே ஒளிந்திருக்கும், பாதத்தின் அடித்திண்டின் ஓரத்தில் தோல் உரிந்து இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்போது காலணியை மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவதே முறை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பாத அடிகளைத் தவிர வேறெங்கும் அதற்கு வியர்க்காது, மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது. வெயில் படும் ஏற்றத்தில் இலையுதிர்காலத்திலும் வெப்பத்தாக்கு நேரலாம். ஓய்வெடுத்தும் மூச்சிரைப்பு அடங்காமல், ஈறு கடும் சிவப்பாகி, நடை தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடலைத் தண்ணீரால் நனைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்து, தாமதிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். இதற்கு நேர்மாறாக, நனைந்த நாய் உச்சியில் காற்றில் உட்கார்ந்தால் விரைவில் நடுங்கத் தொடங்கும். உணவு இடைவேளையில் அதைத் துடைத்து, தரையில் ஒரு விரிப்பைப் போட்டு உட்கார வையுங்கள்.

தேங்கிய குட்டைகளில் நாயைக் குடிக்க விடாதீர்கள். எலிக் காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமிகளும், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சும் அங்கே இருக்கக்கூடும். மழைக்குப் பின் முளைக்கும் காளான்கள் அதைவிட மோசமானவை. அமனிட்டா ஃபல்லாய்டிஸ் என்னும் காளான் கல்லீரலை அழிக்கும், அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால், தின்றது என்ற ஐயம் எழுந்த உடனேயே, முடிந்தால் காளானின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு, மருத்துவரிடம் விரையுங்கள். ஓக் மரக் கொட்டைகளையும் நாய் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் கூடு கட்டும் குளவிகள் இப்பருவத்திலும் சுறுசுறுப்பாக இருப்பதால், பொந்துகளுக்குள் மூக்கை நுழைக்கும் நாயைக் கயிற்றால் அருகே இழுத்துவைத்திருங்கள்.

மேய்ச்சல் நிலத்தைக் கடக்கும்போது நாய் கட்டாயம் கயிற்றில் இருக்க வேண்டும். கன்று ஈன்ற பசுக்கள் நாயை எதிரியாகவே பார்க்கும் என்பதால், மந்தைக்கும் உங்களுக்கும் இடையே நல்ல இடைவெளி விட்டுச் சுற்றிக்கொண்டு போங்கள். பசு விரட்டி வந்தால் அந்தக் கணமே கயிற்றை விட்டுவிடுங்கள். பசுவின் கோபம் நாயின் மீதே, நாய் நம்மைவிட வேகமாக ஓடித் தப்பிவிடும், அதைக் காக்கக் கையில் தூக்கியவர்களே மிதிபடுகிறார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். செம்மறி மந்தையைக் காக்கும் காவல் நாய்கள் எதிர்ப்பட்டால் ஓடாமல், கம்பை ஓங்காமல், மெல்லப் பின்வாங்கி மந்தையை வெகுதூரம் சுற்றிச் செல்லுங்கள். பல வகை மான்களுக்கு இது இணைசேரும் காலம். ஆண் மானைத் துரத்தும் நாய் காயப்படலாம், திரும்பி வராமலும் போகலாம்.

நாயின் கழிவைப் பையில் எடுத்துக் கீழே கொண்டுவருவது மரியாதைக்காக மட்டும் செய்வதன்று. அதிலுள்ள நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி, புல் வழியே பசுக்களின் வயிற்றுக்குப் போய்க் கருச்சிதைவை ஏற்படுத்தும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பையைக் கிளையில் மாட்டிவிட்டுப் போவோரை எந்தப் பாதையிலும் காணலாம். தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள்.

இறங்கும்போது

ஈர இலைகளின் அடியில் வேரும் உருளும் கல்லும் மறைந்திருக்கும், வெயில் படாத சரிவில் காலையின் உறைபனி நண்பகல்வரை உருகாமலும் கிடக்கும். குறுகிய அடிகளாக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, இலைக் குவியலைத் தவிர்த்து மண் தெரியும் இடத்தில் மிதித்து இறங்குங்கள். நாயின் கயிற்றை இடுப்பில் மாட்டியிருந்தால் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும், ஏனெனில் நாய் ஒருமுறை இழுத்தாலே ஆள் தலைகுப்புற விழுந்துவிடுவார். குழந்தையைப் பிடித்திருப்பவரும் நாயைப் பிடித்திருப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது.

எவருக்கேனும் நடக்க முடியாத காயம் ஏற்பட்டால் முதலில் எல்லோரையும் காற்று படாத இடத்தில் அமர்த்தி, உடையைக் கூட்டி, பின்னர் அவசர உதவி எண்ணை அழையுங்கள். அலைபேசி இயங்காவிட்டால் விசிலாலோ விளக்காலோ நிமிடத்துக்கு ஆறு முறை சைகை தந்து, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் தொடர வேண்டும். பதிலாக நிமிடத்துக்கு மூன்று சைகைகள் வரும். இது ஆல்ப்ஸ் மலைகளில் தோன்றிய முறை. வட அமெரிக்காவில் மூன்று சைகைகளே உதவிக் குரலாகக் கொள்ளப்படும். எந்தப் பாதையில் செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் உதவியை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் இருப்பவர் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால், சைகை எவர் காதிலும் விழாத இடத்திலும் உதவி வந்து சேரும்.

திரும்பிய பிறகு

வண்டியருகே வந்தவுடன் நாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, மூச்சு முழுமையாக அடங்கிய பின்னரே உணவு வையுங்கள். குளிர்ந்த நாள்களிலும் உண்ணிகள் உலவுவதால், அன்று மாலையே குழந்தைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி ஓரம் ஆகியவற்றையும், நாயின் காது, கழுத்து, வயிறு, விரலிடுக்கு ஆகியவற்றையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கடித்திருக்கும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் கிருமி உடலுக்குள் இறங்க உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கும் மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றே எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கடித்த தேதியைக் குறித்து வைத்து, அடுத்த சில வாரங்களில் அவ்விடத்தில் விரிந்து செல்லும் சிவப்பு வளையமோ காய்ச்சலோ தோன்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மறுநாள் காலை நாய் சற்று விறைப்பாக எழுவது இயல்பு, அன்று குறுகிய மெதுவான நடையே போதும். நொண்டல் இரண்டு நாள்களுக்கு மேல் நீடித்தால், உணவை மறுத்தால், அல்லது சிறுநீர் கருத்துப் போனால் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் கணக்கிட்ட நேரத்தையும் உண்மையில் ஆன நேரத்தையும், நாய் எத்தனையாவது கிலோமீட்டரில் பின்தங்கத் தொடங்கியது என்பதையும் அன்றிரவே எழுதி வையுங்கள். அடுத்த பாதையை அந்த எண்களைக் கொண்டே தேர்ந்தெடுக்கலாம்.